வீட்டில் கட்டும் விமானத்துக்கு எந்த பிரைமர்?

அமெரிக்காவில் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பொம்மை இல்லை. இரண்டு பேர், நாலு பேர் உட்கார்ந்து ஊருக்கு ஊர் பறக்கிற அசல் விமானம். ஆரிகன் மாநிலத்தின் வான்ஸ் நிறுவனம் விற்கும் ஆர்வி கிட்டுகளிலிருந்து (நாமே சேர்த்துக் கட்டுவதற்கான உறுப்புத் தொகுப்புகள்) மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் இப்படிக் கட்டிப் பறக்கவிடப்பட்டிருக்கின்றன. வேலையில் பாதிக்கு மேல் சொந்தக் கையால் செய்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

இவர்களில் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம். விமானத்தின் அலுமினியத் தகடுகளின் உள்பக்கத்துக்கு பிரைமர் (அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடிப்பதா வேண்டாமா, அடித்தால் எது? இதற்கு ‘பிரைமர் போர்’ என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். “எப்பாக்சி அடிக்காமல் ஒரு ரிவெட்கூடப் போட மாட்டேன்” என்பார் ஒருவர். (எப்பாக்சி ஒரு வகை பிரைமர், ரிவெட் என்பது தகடுகளைச் சேர்த்து அடிக்கும் ஆணி.) “அலுமினியம் துருப்பிடிக்காதே, எதற்கு வீண் எடை?” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கார் பெயின்ட் கடையில் வாங்கிய ஸ்பிரே டப்பாவை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். மூவர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பதால்தான் சண்டை ஓயவில்லை.

அங்கே ஒரு நண்பர் தன் விமானத்தின் வால் பகுதியைக் கட்டிக்கொண்டிருந்தபோது சில வாரக்கடைசிகள் கூட இருந்து கை கொடுத்தேன். (எல்லோரும் வாலிலிருந்துதான் தொடங்குவார்கள். சின்னப் பகுதி, கெடுத்துவிட்டாலும் நஷ்டம் குறைவு.) பிரைமர் டப்பாவைத் தொடுவதற்கு முன்னால் அலுமினியம் எப்படிக் கெடுகிறது என்று தெரிய வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புளிக்குழம்பும் அலுமினியச் சட்டியும்

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது ஒரு வகையில் சரி. துரு இரும்புக்கே உரியது. ஆனால் அலுமினியம் அரிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். குழம்பு இருந்த மட்டத்துக்கு உள்பக்கம் நிறம் மாறிவிடும். அதே பழக்கம் நீடித்தால் அடியில் ஊசி குத்தினாற்போல் குழிகள் விழும். ஆனால் அதில் வெறும் குடிதண்ணீரை வைத்தால் வருஷக்கணக்கில் அவ்வளவு சேதம் வராது.

காரணம், அலுமினியத்தின் மேல் எப்போதும் இருக்கும் ஒரு தோல். காற்றுப் பட்ட மறுகணமே அலுமினியத்தின் மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து அலுமினிய ஆக்சைடாகிவிடும். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் நாலைந்து பங்குதான் அதன் கனம். அவ்வளவு மெல்லிசாக இருந்தும் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே காற்றும் நீரும் போகாமல் தடுத்துவிடும். கீறினால் உடனே புதுத்தோல் வளர்ந்துவிடும். இரும்பின் துருவும் இதே போன்ற சேர்மம்தான், ஆனால் இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் வெடித்து உதிர்ந்து, அடியில் இருக்கும் புது இரும்பைக் காற்றுக்குக் காட்டிவிடும்.

அலுமினியத்தின் தோலுக்கு ஆகாதவை சில உண்டு. கடும் புளிப்பு ஒன்று, கடும் காரம் இன்னொன்று. புளியும் சலவைச் சோடாவும் போல. மூன்றாவது உப்பு. கடல்காற்றில் வரும் குளோரைடு அந்தத் தோலில் எங்கோ ஒரு புள்ளியில் ஓட்டை போடும். பிறகு அந்த ஓட்டைக்குள்ளேயே அரிப்பு ஆழமாக இறங்கும். மேலே வெள்ளையாக மாவு போல் ஒரு பொட்டு தெரியும், கீழே குழி.

இதுவரை சொன்னது இதுதான்: அலுமினியம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும், அதன் தோலை யாரும் கெடுக்காத வரைக்கும்.

எலுமிச்சம்பழ பேட்டரி

பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் ஒரு செம்புக் கம்பியையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் செருகி மின்சாரம் எடுத்திருப்பீர்கள். அந்த மின்சாரத்துக்கு விலை கொடுப்பது துத்தநாகம். அது கரைந்துகொண்டே எலெக்ட்ரானைச் செம்புக்குத் தள்ளுகிறது. இரண்டு வேறு உலோகங்கள், அவற்றுக்குள் நேரடித் தொடர்பு, இரண்டையும் நனைக்கும் ஈரம் என்று மூன்றும் கூடினால் ஒன்று கரைந்தே தீரும். இதைத்தான் கால்வானிக் அரிப்பு என்கிறார்கள். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் அரிப்பு நின்றுவிடும்.

யார் கரைவார், யார் தப்பிப்பார் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், இரும்பு, செம்பு, கிராஃபைட் என்று போகும். வரிசையில் முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவருக்காகக் கரைவார். அலுமினியத் தகட்டில் வெறும் எஃகு போல்ட்டைப் போட்டால் அலுமினியத்துக்குத்தான் கேடு. அதனால்தான் விமான போல்ட்டுகளுக்குக் காட்மியம் பூசுவார்கள். காட்மியம் அந்த வரிசையில் அலுமினியத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

வரிசையின் கடைசியில் இருக்கும் கிராஃபைட் நம் பென்சிலில் இருப்பதுதான். அளவெடுத்துக் கோடு போட நான் பென்சிலை எடுத்தேன். நண்பர் கையைத் தட்டிவிட்டு ஒரு மார்க்கர் பேனாவை நீட்டினார். அலுமினியத் தகட்டில் பென்சில் கோடு போட்டால், ஈரம் சேர்ந்த நாளில் அந்தக் கோட்டின் வழியே அரிப்பு ஓடும். விமான வேலையில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது, எனக்குக் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது.

இதைவிட முக்கியமான விஷயம், வேறு உலோகம் தகட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்பதில்லை, உள்ளேயே இருக்கிறது. சுத்த அலுமினியம் விமானத்துக்கு ஆகாது, கையாலேயே வளைக்கலாம். அதனால் மற்ற உலோகங்களைச் சேர்த்துக் கலப்புலோகமாக்குகிறார்கள். ஆர்வி விமானங்களின் தகடு பெரும்பாலும் 2024 என்ற கலப்புலோகம். அதில் சுமார் 4 சதவீதம் செம்பு இருக்கிறது. வலுவைக் கொடுப்பது அந்தச் செம்புதான். ஆனால் அது சின்னச் சின்னத் துணுக்குகளாகத் தகடு முழுக்கப் பரவியிருப்பதால், ஈரம் பட்டால் ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டி எலுமிச்சம்பழ பேட்டரி ஆகிவிடும். மிசூரி மாநிலத்தில் இதே போல் கிட் விற்கும் ஜெனித் நிறுவனத்தார் 6061 என்ற வகையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் மக்னீசியமும் சிலிக்கானும்தான் முக்கியம், செம்பு மிகக் குறைவு. வலு சற்றுக் குறைந்தாலும் அரிப்பைத் தாங்கும். ஆகவே ஜெனித் கட்டுகிறவர் சொல்லும் “எனக்கு பிரைமர் தேவையில்லை” என்ற அனுபவத்தை ஆர்வி கட்டுகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரைமர் போரில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

ஈயம் பூசிய பாத்திரம், ஜிஐ வாளி

பித்தளைப் பாத்திரத்தின் வலுவும் வேண்டும், புளி பட்டுக் களிம்பு ஏறவும் கூடாது என்றால் நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? உள்ளே ஈயம் பூசினார்கள். 2024 தகட்டுக்கும் அதே வைத்தியம். நடுவில் வலுவான கலப்புலோகம், இரண்டு பக்கமும் சுத்த அலுமினியப் பூச்சு. ஆல்கிளாட் என்று பெயர். மெல்லிய தகடுகளில் ஒரு பக்கத்துக்கு மொத்தக் கனத்தில் சுமார் 5 சதவீதம் பூச்சு. 0.8 மில்லிமீட்டர் தகடு என்றால் பூச்சின் கனம் 0.04 மில்லிமீட்டர், ஏறக்குறைய தலைமுடியில் பாதி.

அந்தப் பூச்சு வெறும் போர்வை மட்டும் இல்லை. ஜிஐ வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே இரும்பு உடனே துருப்பிடிப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முன்வந்து கரைகிறது. ஆல்கிளாட்டிலும் அப்படித்தான். வரிசையில் சுத்த அலுமினியம் 2024-க்கு முன்னால் நிற்பதால், கீறல் விழுந்த இடத்தில் பூச்சு தன்னைக் கொடுத்து உள்தகட்டைக் காக்கும்.

ஆனால் வெட்டிய விளிம்பில் பூச்சு இல்லை, துளையின் சுவரிலும் இல்லை. ரிவெட்டின் தலை மட்டமாக உட்கார்வதற்காகத் துளையைச் சீவி அகலப்படுத்தினால் அங்கேயும் போய்விடும். பாளத்திலிருந்து கடைந்தெடுக்கும் உறுப்புகளுக்கும், அச்சின் வழியே அழுத்தித் தள்ளி எடுக்கும் கோணச் சட்டங்களுக்கும் ஆல்கிளாட் பூச்சே கிடையாது.

1960-களிலும் 70-களிலும் வந்த செஸ்னா சிறு விமானங்கள் பலவற்றின் உள்பக்கம் வெறும் ஆல்கிளாட்தான். உள் பிரைமர் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்ட வேண்டும். அவற்றில் எத்தனையோ இன்னும் பறக்கின்றன. ‘பிரைமர் வேண்டாம்’ கட்சியின் பெரிய ஆயுதம் இது. ஆயுதம் நிஜம்தான். ஆனால் வறண்ட அரிசோனாவில் விமானக் கொட்டகைக்குள் இருந்ததா, ஃப்ளோரிடா கடலோரத்தில் திறந்தவெளியில் நின்றதா என்று கேட்காமல் அதை வீசக் கூடாது. அமெரிக்க விமானப் படை தன் பழைய விமானங்களை டூசான் பாலைவனத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதும் சும்மா இல்லை. அங்கே பேட்டரிக்கு வேண்டிய மூன்றாவது சரக்கு, ஈரம், கிடைப்பதில்லை.

சுருக்கமாக: ஆல்கிளாட் தகட்டின் நடுப்பகுதி தன்னைப் பார்த்துக்கொள்ளும். விளிம்பு, துளை, பூச்சில்லாத உறுப்பு, தகடுகள் சேரும் இடம், இவைதான் கவனிக்க வேண்டியவை.

பிரைமர் செய்யும் வேலை

சுவருக்கு அடிக்கும் பிரைமரை நினைத்துக்கொண்டு வந்தால் இங்கே ஏமாந்துபோவோம். அங்கே அதன் வேலை மேலே வரும் பெயின்ட் உறிஞ்சப்படாமல் பார்ப்பது. உலோகத்துக்கு அடிக்கும் பிரைமருக்கு மூன்று தனித்தனி வேலைகள் உண்டு. உலோகத்தைப் பிடித்துக்கொள்வது முதலாவது. ஈரத்தைத் தடுப்பது இரண்டாவது. எங்காவது ஓட்டை விழுந்தால் அங்கே அரிப்பை அடக்குவது மூன்றாவது. மூன்றையும் ஒரே அளவில் செய்யும் டப்பா அபூர்வம். ‘எது நல்லது’ என்று கேட்டால் எந்த வேலைக்கு என்றும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

பிடிப்புக்குப் பேர்போனது செல்ஃப் எட்ச் பிரைமர். அதில் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். அது அலுமினியத்தின் மேற்பரப்பை லேசாகக் கடித்து, கூட வரும் பிசினை அங்கே பற்ற வைக்கும். ஸ்பிரே டப்பாவிலேயே கிடைக்கும், பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். அதனால் ஆரம்பக்காரர்களுக்கு இதன் மேல் தனிப் பாசம். ஆனால் பெரும்பாலும் இது மெல்லிய, நுண்துளைகள் உள்ள படலம், மேலே இன்னொரு பூச்சு வரும் என்று நம்பிச் செய்தது. தனியாக விட்டால் ஈரத்தை முழுசாகத் தடுக்காது. பச்சையாக ஏதோ அடித்திருக்கிறது என்ற நிம்மதியைத் தரும், அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் கடுமைதான். ஆல்கிளாட்டின் மேல் அதுவும் ஒரு கூடுதல் காப்புத்தான்.

ஈரத்தைத் தடுப்பதில் கில்லாடி எப்பாக்சி பிரைமர். இரண்டு டப்பாவில் வரும். கலந்தால் வேதிவினையில் இறுகிக் கெட்டியாகிவிடும், வெறுமனே உலர்வதில்லை. இறுகிய பிறகு தின்னரில் நனைத்த துணியால் தேய்த்தாலும் எளிதில் வராது. ஸ்பிரே டப்பாச் சரக்கோ துணியோடு வந்துவிடும். எண்ணெய், பெட்ரோல், ஹைட்ராலிக் திரவம் எல்லாவற்றையும் எப்பாக்சி தாங்கும். தொந்தரவு என்னவென்றால், கலந்ததைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், ஸ்பிரே துப்பாக்கியைக் கழுவ வேண்டும், நல்ல முகமூடி இல்லாமல் நுரையீரலுக்குக் கேடு. நாலு ரிப்புகளுக்காக (தகட்டை உள்ளிருந்து தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) ஒரு மாலை முழுக்கப் போகும்.

மூன்றாவது வேலையில் குரோமேட்டை அடிக்க ஆளில்லை. இரண்டாம் உலகப் போர் விமானங்களின் உள்பக்கம் மஞ்சளும் பச்சையுமாக இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது ஜிங்க் குரோமேட். கீறல் விழுந்து ஈரம் வந்தால், படலத்திலிருந்து கொஞ்சம் குரோமேட் கரைந்து வந்து, அந்த இடத்தில் புதுப் பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கும். காயத்தில் மஞ்சள் பத்துப் போடுவதைப் போல, ஆனால் பத்து தானாகவே நகர்ந்து வரும். துரதிர்ஷ்டவசமாகக் குரோமேட் தூசும் புகையும் புற்றுநோய் தரக்கூடியவை. வீட்டுக் கொட்டகையில், குழந்தைகள் சைக்கிளை எடுக்க வந்து போகும் இடத்தில் இதை அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. குரோமேட் இல்லாத பிரைமர்கள் இப்போது நிறைய இருக்கின்றன.

கன்வர்ஷன் கோட்டிங் என்றும் ஒன்றைச் சொல்வார்கள். அது பிரைமர் இல்லை. உலோகத்தின் மேல்தோலையே ரசாயனத்தால் வேறு தோலாக மாற்றும் முழுக்கு. பிரைமருக்கு அடியில் பிடிப்புக்காகச் செய்வது.

எடையை யாரும் சரியாகக் கணக்குப் போடுவதில்லை. நாமே போடலாம். காய்ந்த படலம் 0.025 மில்லிமீட்டர் கனம் என்று வையுங்கள். எப்பாக்சியின் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 38 கிராம். உள்பக்கம் 50 சதுர மீட்டர் அடித்தால் 2 கிலோவுக்குள். விமானி ஒரு வேளை பிரியாணியைக் குறைத்தால் சரியாய்ப் போயிற்று. ஆனால் கை தாராளமாகி இரண்டு மூன்று மடங்கு கனமாக அடிக்கிறவர்களுக்குக் கணக்கும் அதே மடங்கு ஏறும்.

எங்கே அடிப்பது

பிரைமருக்கு ஒரே ஒரு வேளைதான் உண்டு. துளை போட்டு, பிரித்து, பிசிறு எடுத்து, ரிவெட் தலைக்குக் குழி தட்டிய பிறகு, மறுபடி சேர்ப்பதற்கு முன். ரிவெட் அடித்துவிட்டால் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் முகங்கள் நிரந்தரமாக மூடிக்கொள்ளும். ஈரம் நுண்ணிய இடுக்கு வழியே அங்கே உறிஞ்சப்படும், வெயில் பட்டு உலராது, யார் கண்ணிலும் படாது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு நடுவே பறந்த அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737-இன் கூரை பிய்ந்துபோய் விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். அந்த விபத்தின் வேர் தகடுகள் மேலும் கீழுமாகச் சேரும் இணைப்பில் இருந்தது. பசை விட்டு, ஈரம் புகுந்து அரித்து, ரிவெட் துளைகளில் விரிசல் ஓடியிருந்தது. காற்றழுத்தம் ஏற்றி இறக்கி எண்பத்தொன்பதாயிரம் தடவைக்கும் மேல் பறந்த பெரிய விமானம் அது. நம் இருவர் விமானத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை. இணைப்புக்குள்தான் ஆபத்து ஒளிந்திருக்கும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

ஆகவே நான் செய்வதானால் இப்படி. வெல்டிங் செய்த எஃகு உறுப்புகளுக்கு எப்பாக்சியோ பவுடர் கோட்டிங்கோ (பொடியைச் சூட்டில் உருக்கிப் பூசுவது) கட்டாயம், ஏனென்றால் அவை நிஜமாகவே துருப்பிடிக்கும். பூச்சில்லாத கோணச் சட்டங்களுக்கும் கடைந்தெடுத்த உறுப்புகளுக்கும் எப்பாக்சி. ஆல்கிளாட் தகடுகளில் சேரும் முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் ஒரு மெல்லிய பூச்சு. தகட்டின் நடுப்பகுதியைக் கடலோரத்தில் வாழப்போகும் விமானமானால் அடிப்பேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன். இருக்கைக்குக் கீழ், பேட்டரி வைக்கும் இடம், மழைநீர் தேங்கும் அடிப்பகுதி ஆகியவற்றை விட மாட்டேன். எலி கூடு கட்டும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலி மூத்திரம் அலுமினியத்தைத் தின்னும் வேகம் கடல்நீருக்கே சவால் விடும்.

அடிக்கக் கூடாத இடமும் உண்டு. எரிபொருள் தொட்டியின் உள்பக்கம். அங்கே கசிவைத் தடுக்கும் சீலன்ட் நேராக அலுமினியத்தில் ஒட்ட வேண்டும், நடுவில் பிரைமர் வந்தால் அது பிரைமரைத்தான் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கத்துக்கும் அவசரம் வேண்டாம். பெயின்ட் அடிக்கும் நாள் வருஷங்கள் கழித்து வரும், பெயின்ட்காரர் தனக்குத் தெரிந்த பிரைமரையே அடிப்பார், முன்பு அடித்ததைச் சுரண்டிக் கூலியும் கேட்பார்.

தண்ணீர்ச் சோதனை

எந்த டப்பா என்று ஆறு மாதம் வாதாடுகிறவர்கள், துடைப்பதற்கு ஆறு நிமிஷம் செலவழிப்பதில்லை. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசைகூடப் பிரைமரை ஒட்டவிடாது. சரியாக ஒட்டாத படலத்துக்கு அடியில் ஈரம் புகுந்தால், வெளிப் பெயின்ட்டின் கீழே புழு ஊர்ந்தாற்போல் நெளிநெளியாக ஓடும் அரிப்பு வரும். இதற்கு ஃபிலிஃபார்ம் அரிப்பு என்று பேர். மோசமாக அடித்த நல்ல பிரைமரைவிட ஒழுங்காக அடித்த சாதா பிரைமரே மேல்.

நண்பர் காட்டியது இது. கோடை மாலை, கொட்டகை வாசலில் இரண்டு மரக்கட்டை மேல், வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர் என்ற பகுதியின் தகடு. கையுறை போட்டுக்கொண்டு அவர் முதலில் எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைத்தார், துணியை மாற்றி மறுபடி துடைத்தார். பிறகு ஸ்காட்ச் பிரைட். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பட்டையின் அண்ணன், கருஞ்சிவப்பு நிறம். பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்தார். அழுத்தித் தேய்த்தால் தலைமுடியில் பாதிக் கனமுள்ள ஆல்கிளாட் பூச்சே போய்விடும், காப்பாற்றப் போய் கெடுத்த கதையாகும். இரும்புக் கம்பிப் பஞ்சைத் தொடவே கூடாது, அதன் துகள் தகட்டில் பதிந்து அங்கங்கே பேட்டரியாகிவிடும்.

அப்புறம் ஒரு குவளைத் தண்ணீரைச் சாய்வாக ஊற்றினார். நான் ‘சுத்தம்’ என்று சொல்லியிருந்த தகட்டில் தண்ணீர் தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டது. “எண்ணெய் இன்னும் இருக்குங்க” என்றார். மறுபடி கழுவி, மறுபடி ஊற்றினார். இந்தத் தடவை தண்ணீர் எங்கேயும் உடையாமல் ஒரே விரிப்பாகப் படர்ந்து வழிந்தது. வலது மூலையில் மட்டும் ஓர் இடத்தில் பிரிந்து விலகியது. பார்த்தால் என் கட்டைவிரல் பதிந்த இடம். அதையும் துடைத்துக் காயவைத்த பிறகுதான் ஸ்பிரே துப்பாக்கியை எடுத்தார்.

அடித்து முடித்ததும் குப்பைத் தகட்டில் ஒரு துண்டுக்கும் அதே கலவையை அடித்து ஓரமாக வைத்தார். ஒரு வாரம் கழித்து அதில் ஆணியால் குறுக்குக் கோடுகள் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிடுங்கினோம். டேப்போடு எதுவும் வரவில்லை. கலந்த தேதி, டப்பாவின் பெயர், அன்றைய வெப்பநிலை மூன்றையும் துண்டின் பின்னால் மார்க்கரில் எழுதி, கொட்டகைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார்.